அம்பைக் காட்டுங்கள், கருவியைச் சொல்கிறேன்: இறகு ஓரத்தில் தெரியும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

"அண்ணா, இறகு வெட்ட எந்த மிஷின் வாங்கலாம்?"

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று எங்கள் பக்கத்தில் மூங்கில் அம்பு செய்யத் தொடங்கும் பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "அம்பைக் கொண்டு வந்தியா தம்பி?"

கெட்டுப்போன அம்பைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தால்தான் எந்தக் கருவி தேவை என்று சொல்ல முடியும். சில சமயம் கருவியே தேவைப்படாது. இறகு ஓரத்தில் தெரியும் கோளாறு பெரும்பாலும் ஓரத்தில் பிறப்பதில்லை. காம்பின் அடியைச் சரியாகத் தேய்க்காமல் விட்டதும், வெட்டும்போது இறகை இறுக்கிப் பிடிக்காததும்தான் காரணமாக இருக்கும். அதை அப்படியே வைத்துக்கொண்டு விலை கூடிய கருவி வாங்கினால், அதே தப்பு இன்னும் வேகமாக வரும், அவ்வளவுதான்.

கருவிகள் மூன்று வகை. முதலாவது, கூரான கத்தரி அல்லது கட்டர், கூடவே இறகின் வடிவத்தில் வெட்டிய அளவுத் தகடு. இரண்டாவது, வெட்டு டை. வளைத்த எஃகு அலகு ஒன்றை இறகின்மேல் வைத்து மரச்சுத்தியால் ஒரே அடி அடித்தால் வடிவம் வெட்டி வந்துவிடும். மூன்றாவது, சூட்டுக் கம்பி. நைக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பியை வடிவத்துக்கு வளைத்து, மின்சாரத்தில் சிவக்கக் காய்ச்சி, இறகு ஒட்டிய அம்பை அதன் அடியில் உருட்டுவது. முதல் இரண்டும் ஒட்டுவதற்கு முன் வெட்டுகின்றன, மூன்றாவது ஒட்டிய பிறகு வெட்டுகிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு வித்தியாசம்தான் முக்கியம். ஏன் என்பது கீழே போகப் போகத் தெரியும்.

இறகு பற்றி ஒரு வார்த்தை. நான் வான்கோழி இறகுதான் பயன்படுத்துகிறேன். இங்கே தோட்டத்து வீடுகளில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லி வைத்தால் அறுக்கும் நாளில் இறக்கையை எடுத்து வைப்பார்கள். ஒரு இறக்கையில் முதன்மைச் சிறகு 10 இருக்கும். அதில் 5 அங்குல இறகுக்குத் தேறுவது பாதிதான். காம்பை நீளவாக்கில் பிளந்தால் அகலமான பக்கத்து இழைதான் நமக்கு. குறுகிய பக்கம் கழிவு. ஒரு அம்புக்கு மூன்று என்றால் ஒரு டஜன் அம்புக்கு 36 இறகு. ஆகவே ஒவ்வொரு இறகும் மதிப்புள்ளது. கொல்லையில் மயில் இறகு எவ்வளவு கிடந்தாலும் அம்புக்கு எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. அதே சட்டம்தான் காட்டு உயிர்களை வேட்டையாடுவதையும் தடுக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் ராகித்தாள் கட்டை நிறுத்திவைத்துக் குறி பழகும் அம்புக்கு மட்டும்.

முதலில் ஒரு சோதனை

கோளாறான இறகை விரல் நுனிகளுக்கு இடையில் வைத்து, அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக நீவுங்கள். இறகின் இழைகள் ஒன்றை ஒன்று பொடிக் கொக்கிகளால் பிடித்துக்கொண்டிருப்பவை. பிரிந்த இழை நீவியதும் மறுபடி பூட்டிக்கொண்டால் இறகு நல்லது, கோளாறு வெட்டிய விதத்தில் இருக்கிறது. எவ்வளவு நீவினாலும் விரிந்தே நின்றால் கொக்கிகள் உதிர்ந்த பழைய இறகு. அதை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது, மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஒட்டாத இறகு ஒன்றைச் சமமான பரப்பில் காம்பு கீழே படும்படி நிறுத்திப் பாருங்கள். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளில் கழித்துப் போடும் பாலிஷ் துண்டு இதற்கு நல்ல பலகை, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். காம்புக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், இறகு ஆடினால், ஒரு பக்கம் சாய்ந்தால், காம்பின் அடி சரியாகத் தேயவில்லை. அதே கல்லின்மேல் உப்புத்தாளை ஒட்டி, இறகை இரண்டு தகடுகளுக்கு நடுவே கிளிப்பில் இறுக்கி, காம்பு மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி வைத்துத் தேயுங்கள். வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் காம்பு நடுவில் குழியும். கீழே வரும் பாதிக் கோளாறுகளை இந்த ஒரு வேலையிலேயே தவிர்த்துவிடலாம். அதனால் இதைத் தாண்டாமல் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

ஓரம் பிசிறு பிசிறாக நிற்கிறது

கத்தரியால் வெட்டுபவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். கத்தரி வெட்டுவதற்கு முன் தள்ளும். இறகின் இழை சாய்ந்து நிற்பது. அதை எதிர்த்திசையில் தள்ளினால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிமிர்ந்து, வேறு வேறு நீளத்தில் அறுபடும். அதனால் அம்பின் முனைப்பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி, இழை படுத்திருக்கும் போக்கிலேயே வெட்டுங்கள். கழிவு இறகு ஒன்றில் இரண்டு திசையிலும் வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அப்படியும் பிசிறு நின்றால் கத்தரி மழுங்கியிருக்கலாம். காகிதம் வெட்டும் கத்தரி இதற்கு ஆகாது. துணிக்கும் காகிதத்துக்கும் ஒரே கத்தரியைக் கொடுத்தால் தையல்கார அக்கா ஏன் சண்டைக்கு வருகிறார் என்பது இறகு வெட்டும்போது புரியும். இறகுக்கென்று ஒரு கத்தரியை ஒதுக்கி, சாணை பிடித்து, வேறு எதற்கும் தொடாமல் வையுங்கள்.

கத்தரியைவிட எனக்குப் பிடித்தது கட்டரும் தகடும். இரண்டு மெல்லிய தகரத் தகடுகளை ஒரே வடிவத்தில் வெட்டி, நடுவில் இறகை வைத்து, கிளிப் போட்டு இறுக்கி, தகட்டின் ஓரத்தை ஒட்டி புதிய அலகால் ஒரே இழுப்பு. இழை இரண்டு பக்கமும் நசுங்கிப் பிடிபட்டிருப்பதால் நகர வழியில்லை. தகடு வெட்ட முடியாதவர்கள் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை இறகின் இரண்டு பக்கமும் ஒட்டி, அதன்மேல் வடிவம் வரைந்து, டேப்போடு சேர்த்து வெட்டலாம். பிறகு டேப்பை இழையின் போக்கில் மெதுவாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டு எதிராக உரித்தால் இறகே போய்விடும். முதல் ஆறு அம்பு செய்கிறவருக்கு இதற்கு மேல் ஒரு கருவியும் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்று இறகும் மூன்று உயரம்

இதற்கு இரண்டு காரணம். கையளவில் வெட்டியது ஒன்று, அதற்குத் தகடு போதும். இரண்டாவது காரணம் கொஞ்சம் மறைந்திருப்பது: தகடு வைத்துத்தான் வெட்டினேன், அப்படியும் உயரம் மாறுகிறது என்பவர்களுக்கு. அங்கே காம்பின் தடிமன் மாறியிருக்கும். ஒரு இறகில் காம்பை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருந்தால், ஒட்டிய பிறகு அந்த இறகு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்துதான் நிற்கும். தகடும் சரி, டையும் சரி, காம்பின் அடியிலிருந்துதான் அளக்கின்றன. அடி பொய் சொன்னால் உயரமும் பொய் சொல்லும்.

இங்கேதான் சூட்டுக் கம்பி தனித்து நிற்கிறது. அம்பை உருட்டும்போது கம்பி அளப்பது காம்பிலிருந்து அல்ல, அம்புத்தண்டின் நடுவிலிருந்து. மூன்று இறகும் அதே கம்பியைத் தாண்டியாக வேண்டும் என்பதால், காம்பு கொஞ்சம் ஏறுமாறாக இருந்தாலும் உயரம் ஒன்றாக வந்துவிடும். வெவ்வேறு பறவை, வெவ்வேறு தடிமன், கையால் பிளந்த காம்பு என்று கலந்து வேலை செய்பவர் இதைத்தான் செய்துகொள்ள வேண்டும். தேய்த்துத் தயாரான இறகுகளை வாங்கி ஒட்டுபவருக்கு இது தேவையில்லை, டை போதும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கைப்பிளவு இறகுக்கு டை வாங்கிவிட்டு, உயரம் சேரவில்லை என்று டையைக் குறை சொல்கிறார்கள்.

டை ஒரு முனையில் வெட்டுகிறது, மறு முனையில் மெல்லுகிறது

அடியில் வைத்திருக்கும் பலகையைத் திருப்பிப் பாருங்கள். பிளைவுட்டிலோ இரும்புத் தகட்டின் மேலோ வைத்து அடித்திருந்தால் அங்கேயே காரணம் கிடைத்துவிட்டது. இரும்பில் அலகு மடங்கும். பிளைவுட்டில் முன்பு விழுந்த தழும்புக்குள் இறகு இறங்கி, வெட்டுப்படாமல் மடிந்துகொள்ளும். வேண்டியது மரத்தின் குறுக்குவெட்டு முகம், அதாவது நார்கள் நேராக மேல்நோக்கி நிற்கும் கட்டை. கறிக்கடையில் புளியங்கட்டை வைத்திருப்பது அதனால்தான். கத்தி இறங்கும்போது நார் விலகிக் கொடுத்து, மறுபடி சேர்ந்துகொள்ளும். நம் பக்கத்தில் புளிய மரத்துக்குக் குறைவில்லை. மரம் அறுக்கும் இடத்தில் ஒரு சாண் அகலத் துண்டு கேட்டு வாங்கி, மேலே இழைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடி. இரும்புச் சுத்தியல் வேண்டாம், அலகின் முதுகு நசுங்கும். தச்சர்கள் உளியை அடிக்கும் கொட்டாப்புளிதான் சரி. டைக்கு நேர் மேலே, ஒரே அடி. இரண்டு மூன்று முறை தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் டை ஒரு நூல் நகர்ந்து ஓரம் படிக்கட்டாக வரும்.

பலகையும் அடியும் சரியாக இருந்தும் மெல்லுகிறது என்றால் அலகு மழுங்கிவிட்டது, அல்லது வளைத்தபோதே உயரம் மாறிவிட்டது. டையைக் கிரானைட் துண்டின்மேல் அலகு கீழே படும்படி மெதுவாக வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் அலகு குட்டை. வீட்டில் வளைத்த அலகில் இது அடிக்கடி வரும். ஹேக்சா பிளேடை வளைத்து டை செய்யப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வளைவதற்குள் முறிந்துவிடும். நான் கடைசியில் நம்பியது அட்டைப்பெட்டி டை அடிப்பவர்களைத்தான். ஓசூர் போன்ற தொழில் ஊரில் பெட்டிகளுக்கு டை செய்யும் பட்டறைகள் உண்டு. அவர்கள் பயன்படுத்தும் எஃகுப் பட்டை 23.8 மி.மீ. உயரம், 0.7 மி.மீ. தடிமன், ஒரு ஓரம் ஏற்கெனவே கூர். காகிதத்தில் இறகின் வடிவத்தை உண்மை அளவில் வரைந்து கொடுத்தால் அவர்களே வளைத்து, பலகையில் பதித்து, பட்டையின் இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டிக் கொடுப்பார்கள். அந்த ரப்பரைப் பிய்த்துவிடாதீர்கள். அலகு இறங்குவதற்கு முன் இறகை அழுத்திப் பிடிப்பதும், வெட்டியதும் அதை வெளியே தள்ளுவதும் அந்த ரப்பர்தான். தோல் தொழில் நடக்கும் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் செருப்பு மேல்தோல் வெட்டும் டை செய்பவர்களிடமும் இதைக் கேட்கலாம்.

டை யாருக்கு? ஒரே வடிவத்தில் நூற்றுக்கணக்கில் வெட்டுபவருக்கு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அம்பு செய்து கொடுக்கிறீர்கள் என்றால் டை நேரத்தையும் இறகையும் மிச்சப்படுத்தும். வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்க்க ஆசைப்படுபவருக்கு அது கட்டுப்பாடு, ஏனென்றால் ஒரு டைக்கு ஒரு வடிவம்தான்.

சூட்டுக் கம்பி: ஓரம் கருகி மணி மணியாக உருள்கிறது

இறகு காகிதம் போலப் பற்றி எரியாது. சுருண்டு உருகி, நெருப்பை விலக்கியதும் அணைந்துவிடும். தலைமுடி கருகும் அதே நாற்றம்தான் வரும், இரண்டும் ஒரே வகைப் புரதம். கம்பி போதுமான சூட்டில் இல்லாதபோது இறகு வெட்டுப்படாமல் உருகி, ஓரத்தில் கறுப்பு மணிகளாகத் திரளும். சூடு சரியாக இருந்தும் மெதுவாக உருட்டினால் ஓரம் அகலமாகக் கருகி, உள்ளே பிறை மாதிரி தின்றுவிடும். ஆகவே மணி கட்டினால் சூடு குறைவு, பிறை விழுந்தால் வேகம் குறைவு. கம்பி பகல் வெளிச்சத்திலேயே சிவப்பாகத் தெரிய வேண்டும். ஒரு இறகு கம்பியைத் தாண்ட ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. நடுவில் நிறுத்தவும் கூடாது.

இன்னொன்று: முழு இறகையும் கம்பியிடம் கொடுக்காதீர்கள். கத்தரியால் ஏறக்குறைய வடிவத்துக்கு வெட்டி, 3 அல்லது 4 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து ஒட்டுங்கள். கம்பி அந்த மிச்சத்தை மட்டும் எடுத்தால் புகையும் குறையும், ஓரமும் சுத்தமாக வரும். கடைசியில் நிற்கும் பொடிக் கருகலைக் கட்டைவிரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

மின்சாரம் பற்றி அவசியம் சொல்ல வேண்டும், நான் இதில் தவறு செய்து பார்த்தவன். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நைக்ரோம் கம்பி 15 செ.மீ. எடுத்தால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.2 ஓம்தான். பைக் பேட்டரி எதிரில் இருக்கிறதே என்று 12 வோல்ட்டை அதில் நேராக இணைத்தேன். கணக்குப்படி 50 ஆம்பியருக்கு மேல். கண் இமைப்பதற்குள் கம்பி அறுந்து, ஒரு துண்டு மேசையில் விழுந்து குழி பறித்தது. முகத்துக்கு அருகில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. இந்தக் கம்பிக்கு வேண்டியது 2 முதல் 3 வோல்ட், 10 முதல் 15 ஆம்பியர். வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம். செல்போன் சார்ஜர் இதற்கு உதவாது. போர்வெல் மோட்டார் வைண்டிங் கடை இல்லாத ஊர் நம் மாவட்டங்களில் கிடையாது. அங்கே போய், "அண்ணா, 230 உள்ளே, ரெண்டரை வோல்ட் வெளியே, 15 ஆம்பியர் தாங்கணும்" என்று சொல்லி, தடித்த கம்பி சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கட்டித் தரச் சொல்லுங்கள். 230 வோல்ட் பக்கத்தை நீங்களாகத் திறக்காதீர்கள். ஃபியூஸும் சுவிட்சும் அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். காலால் மிதிக்கும் சுவிட்ச் கிடைத்தால் மிகவும் நல்லது, இரண்டு கையும் அம்பிலேயே இருக்கும், காலை எடுத்ததும் கம்பி அணைந்துவிடும்.

வேலையைத் திண்ணையில் அல்லது களத்தில் வையுங்கள், காற்றுக்கு எதிரே உட்காராதீர்கள். ஆடிக் காற்றில் மட்டும் செய்ய வேண்டாம். கம்பியின் ஒரு பக்கம் ஆறி ஒரு பக்கம் சிவந்திருக்கும், பாதி ஓரம் மணி, பாதி ஓரம் பிறை என்று வரும்.

கம்பியின் வடிவம் சூட்டில் தொங்குகிறது என்றால் அது இயல்புதான், உலோகம் சூட்டில் நீளும். மெல்லிய கம்பியில் அதிகம் தெரியும். தடித்த கம்பிக்கு மாறுங்கள், அல்லது பட்டைக் கம்பியை நிறுத்தி வைத்து வளையுங்கள். வடிவத்தை ஆறிய கம்பியில் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு கழிவு இறகைச் சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கம்பியில் சுட்டும் ஒரு இறகு மட்டும் தாழ்ந்திருக்கிறது

மேலே சொன்னேன், கம்பி தண்டின் நடுவிலிருந்து அளக்கிறது என்று. அப்படியானால் தண்டு வளைந்திருந்தால்? உருளும்போது தண்டு ஏறி இறங்கும். ஏறும் பக்கத்து இறகு கம்பிக்குள் ஆழமாகப் போய்த் தாழ்ந்துவிடும். மூங்கிலில் இது சாதாரணம். உருட்டும்போது அம்பைத் தாங்கும் V வடிவப் பள்ளத்தின்மேல் கணு வந்து உட்கார்ந்தாலும் இதே விளைவுதான்.

தண்டை முதலில் அனலில் காட்டி நிமிர்த்துங்கள். பிறகு, தாங்கும் இரண்டு பள்ளங்களை அம்பின் இரு முனைகளில் வைக்காமல், இறகு இருக்கும் பகுதிக்கு முன்னும் பின்னும் நெருக்கமாக வையுங்கள். மொத்தத் தண்டில் வளைவு இருந்தாலும் அந்த ஒரு சாணுக்குள் அதிகம் தெரியாது. பள்ளத்தில் கணு படாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்முனை முட்டிக்கொள்ள ஒரு தடுப்பும் வேண்டும். இல்லாவிட்டால் உருளும்போது அம்பு முன்னே நழுவி, வடிவமே ஒவ்வொரு இறகிலும் தள்ளி விழும்.

அம்பு சீறுகிறது

இறகு காற்றில் எழுப்பும் ஓசை அது. ஓரம் பிசிறாக இருந்தால் சீறும், அதற்கு மேலே சொன்ன வழிதான். ஓரம் சுத்தமாக இருந்தும் சீறினால் வடிவத்தைப் பாருங்கள். பின்பக்கம் செங்குத்தாக வெட்டி, கூரான மூலை நிற்கும் கேடய வடிவம் கொஞ்சம் அதிகமாகவே பேசும். பின்பக்கம் உருண்டு இறங்கும் வடிவம் அமைதி. 5 அங்குல இறகுக்கு அரை அங்குலத்துக்குள் உயரம் போதும். அதற்கு மேல் வைத்தால் ஓசையும் கூடும், வேகமும் குறையும்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்கு முன் நான் பல தடவை நின்றிருக்கிறேன். வில்லோடு நிற்கும் வீரன், உடம்பில் தைத்த அம்புகள், எல்லாம் கல்லில் இருக்கும். அந்த அம்பின் இறகு எந்த வடிவம் என்பது மட்டும் என் கண்ணுக்குப் பிடிபட்டதே இல்லை. நமக்கு வடிவத்தைச் சொல்லிக் கொடுப்பது காதுதான். ஒரே தண்டில் இரண்டு வடிவங்களை மாற்றி ஒட்டி, மாந்தோப்பில் சத்தமில்லாத காலை நேரத்தில் எய்து, அருகில் பாதுகாப்பான இடத்தில் ஒருவரை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.

அம்பு வாலாட்டிக்கொண்டு போகிறது

இதற்குக் கருவி வாங்காதீர்கள். முதலில் இறகுகள் ஒரே பக்க இறக்கையிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். இடது இறக்கை இறகும் வலது இறக்கை இறகும் எதிரெதிராக வளைந்தவை. ஒரே பக்கத்தவை ஒன்றன்மேல் ஒன்று கரண்டி அடுக்குவதுபோலப் படியும், எதிர்ப்பக்கத்தவை படியாது. ஒரு அம்பில் கலந்து ஒட்டினால் ஒன்று சுழற்றப் பார்க்கும், இன்னொன்று தடுக்கும். பிறகு நாண் பிடிக்கும் காடிக்குச் செங்குத்தாக நிற்கும் இறகு வில்லுக்கு வெளிப்பக்கம் பார்க்கிறதா, மற்ற இரண்டும் அதிலிருந்து 120 பாகையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவையெல்லாம் சரி என்றால் தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தவில்லை. இறகே இல்லாத தண்டு ஒன்றைக் கிட்டத்திலிருந்து எய்து பாருங்கள், அது எந்தப் பக்கம் திரும்பித் தைக்கிறது என்பதில் விடை இருக்கும்.

இறகு படுத்துவிட்டது

மழையில் நனைந்த இறகு ஈர்க்குச்சி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு வழியில்லை, காய வையுங்கள். காய்ந்த பிறகும் கசங்கியே இருந்தால், இட்லிப் பானை மூடியைக் கொஞ்சம் விலக்கி வரும் ஆவியில் சில விநாடி காட்டி, விரலால் நீவிவிடுங்கள். பழைய வளைவுக்குத் திரும்பிவிடும். இதைக் கருவிக் கோளாறு என்று நினைத்து நல்ல இறகை மறுபடி வெட்டிக் குட்டையாக்கியவர்கள் உண்டு. ஆவியைக் கடைசியாக அல்ல, முதலில் செய்து பாருங்கள். பெட்டியில் வைக்கும்போது பூச்சி அரிக்காமல் நாப்தலீன் உருண்டை இரண்டு போட்டு வையுங்கள்.

கையில் காம்பு ஏறுகிறது

எல்லாக் கோளாறிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அம்பு கையை உரசிக்கொண்டு போகும் வில்லில், இறகுக் காம்பின் முன்முனை துருத்திக்கொண்டிருந்தால் அது ஊசி. என்னிடம் பழகிய ஒரு பையனுக்குக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே காம்புத் துணுக்கு ஏறி, அதை எடுக்க மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அம்பை நான்தான் செய்து கொடுத்தேன். இறகின் ஓரம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. காம்பின் முனையை நான் பார்க்கவில்லை.

எந்தக் கருவியும் இந்த வேலையைச் செய்து தராது. டை வடிவத்தை வெட்டும், முன்முனையின் தடிமனை விட்டுவிடும். சூட்டுக் கம்பி அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. கையால்தான் செய்ய வேண்டும்: ஒட்டி உலர்ந்த பிறகு, காம்பின் முன்முனையைக் கூர்மையான பிளேடால் சரிவாகச் சீவி, நுண்மையான உப்புத்தாளால் தண்டோடு தண்டாக இழையும்வரை தேயுங்கள். பிறகு நூல் சுற்ற வேண்டும். பட்டுக்கூடு விளையும் மாவட்டத்தில் இருக்கிறோம், நல்ல பட்டு நூலுக்குப் பஞ்சமில்லை. அம்பின் முனைப்பக்கம் வெறும் தண்டில் தொடங்கி, காம்பின் சரிவின்மேல் ஏறி, முதல் இழை தொடங்கும் இடம்வரை நெருக்கமாகச் சுற்றி, நுனியைச் சுற்றுக்குள்ளேயே இழுத்து, மேலே மெல்லியதாக வார்னிஷ் பூசுங்கள். பசை மட்டும் போதும் என்று நம்ப வேண்டாம். வெயிலில் கிடந்த அம்பில் பசை விட்டுப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், சுற்றிய நூல் அப்போதும் காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும், அம்பின் முனைப்பக்கத்திலிருந்து இறகை நோக்கி உள்ளங்கைப் பக்கத்து விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மூன்று காம்பிலும் தனித்தனியாக. ஏதாவது ஒன்று தட்டினால் அந்த அம்பு பட்டறைக்குத் திரும்பட்டும். தட்டாமல் நழுவினால் தூணியில் போடலாம்.